அந்தக் கூட்டத்தில் உன் அத்தா பேசியது

மகனே, உனக்கு எழுதும்போதெல்லாம் ஸலாம் சொல்லி, உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு, ஊரில் மழை பெய்ததா இல்லையா என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இந்த முறை ஸலாமோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றதை விசாரிக்கும் யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. நீ அந்தமானுக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டதாக உன் அம்மா சொன்னாள். என்னிடம் சொல்லாமல் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். அதில் எனக்கு வருத்தமில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அவளிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி உனக்குத் தபாலில் வரும். இன்னொன்றை இங்கே நம் வியாபாரிகள் சங்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவதை உன் கடலூர்ப் படகுத் துறைக்கு, படகுக்காரர்கள் ஏலம் விடும் கொட்டகைக்கு அனுப்புகிறேன். உன்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டு, மன்னிப்பை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்பினால் அது மன்னிப்பு ஆகாது. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் எழுதுவேன், சுவரில் படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே. நான் திருவண்ணாமலையில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்கிறவன். நீ கடலூர் பக்கம் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன். எந்த மீன் எங்கே முட்டை போடுகிறது, குஞ்சு எங்கே வளர்கிறது, எவ்வளவு பெரிதானால் அது தாயாகும், எதனால் குறைகிறது என்பதெல்லாம் உன் வேலை. இரண்டு பேருக்கும் சோறு போடுவது ஒரே கடல்தான். நான் மட்டும் அதை வருஷத்தில் நாலு தடவை பார்த்தால் அதிகம்.

கோயில் ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவன் பிழைப்பு எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் நம்மை வெறுத்ததில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறோம். கிரிவலம் போகிறவர்கள் நம் கடையைத் தாண்டும்போது துண்டை மூக்கில் வைத்துக்கொண்டே "சௌக்கியமா பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆனாலும் வாசனை வாசனைதான். டவுன் பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்து சீட் காலியாகவே வரும். கிடங்கை வேங்கிக்கால் பக்கம், அப்போது வெறும் பொட்டலாக இருந்த இடத்தில் வைத்ததும் அதனால்தான். ஜும்ஆவுக்குப் போகுமுன் இரண்டு தரம் குளிப்பேன். அத்தரை அள்ளிப் பூசுவேன். உன் அம்மா சிரிப்பாள், "கருவாட்டுக்கு மாப்பிள்ளை வேஷம்" என்பாள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கடையிலிருந்து நேராக உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். மழைக்குக் குடை கொடுக்க வந்தேன். வாசலில் நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, யாரோ வேறு ஆளைப் பார்த்த மாதிரி நனைந்துகொண்டே ஓடிவிட்டாய். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் மடியில் தலையை வைத்து அழுதாய். பையன்கள் உன் பெஞ்சில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், கருவாடு என்றே கூப்பிடுகிறார்கள் என்றாய். "அத்தா, கடைலேர்ந்து நேரா வராதீங்க, குளிச்சிட்டு வாங்க அத்தா," என்றாய். அதைச் சொன்னதற்காக இன்னும் கொஞ்சம் அழுதாய். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாய், அம்மாவிடம்கூட. நான் ஒப்புக்கொண்டேன். அது உனக்கும் எனக்கும் நடுவில் இருந்த விஷயம். நாளை உனக்கும் பிள்ளை பிறக்கும். உன் பிள்ளை உன் மடியில் அழுதால், அந்த அழுகை அதனுடையது என்பதை மறந்துவிடாதே. ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்படிப்பட்ட நீ கல்லூரிக்குப் போகும்போது, எத்தனையோ படிப்பு இருக்க, மீனைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். எமர்ஜென்சி வந்த வருஷம் அது, எல்லோரும் எதையாவது பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். நான் உன் படிப்பைப் பார்த்துப் பயந்தேன். இந்த நாற்றத்திலிருந்து ஒரு தலைமுறையாவது தப்பிக்கட்டும் என்று நான் படிக்கவைத்தால், நீ நாற்றத்துக்குள்ளேயே தலைகீழாகக் குதிக்கிறாயே என்று கத்தினேன். நீ சொன்னாய்: "நாம விக்கற மீனு எங்கேர்ந்து வருதுன்னு நமக்கே தெரியாது அத்தா. எனக்குத் தெரிஞ்சிக்கணும்." சரி, போ என்று விட்டேன். மனசார விடவில்லை.

ஊரில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், கவர்மென்ட் ஆராய்ச்சியில் இருக்கிறான் என்பேன். என்ன ஆராய்ச்சி என்றால், தண்ணீர் சம்பந்தமாக என்பேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து கடைக்கு வரும், வேர்க்கடலை பயிரிடும் மல்லாட்டைக்காரர் ஒருவர் அதை நம்பி, "எங்க கொல்லையில கெணறு வத்திப்போச்சு பாய், தம்பிய ஒரு நடை வந்து ஊத்துக்கண்ணு எங்க இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் வந்தால் சொல்கிறேன், வந்தால் சொல்கிறேன் என்று ஓட்டினேன். பக்ரீதுக்கு நீ வந்திருந்தபோது அவர் நேராக உன்னிடமே வந்துவிட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அவரை உட்காரவைத்து டீ வரவழைத்து, கடல் மீனின் வயிற்றைக் கீறி அது என்ன சாப்பிட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்று அழகாகச் சொன்னாய். அவரும் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது என்னைப் பார்த்தார் பார், அந்தப் பார்வை. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன தீபத்தின்போது நீ வந்திருந்தாய். தீபத் திருவிழா நாட்களில் நாம் கடை திறப்பதில்லை. யாரும் அடைக்கச் சொன்னதில்லை, அடைத்துவிடுவோம். லாரியும் வராது. உனக்கும் வடகிழக்குப் பருவம், படகுகள் கடலுக்குப் போகாத நாட்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்தது அந்த ஒரு வாரம்தான். கிடங்கைப் பார்க்க வேண்டும் என்றாய். உள்ளே வந்து, கோழித்தீவனத்துக்குப் போகும் பொடிமீன் மூட்டை ஒன்றைப் பிரித்து வேட்டி விரித்துக் கொட்டினாய். விசைப்படகு வலையில் இறாலோடு சேர்ந்து ஏறும் பொடிசு அது, துறையில் அதற்குக் கழிசல் என்று பேர். காயப்போட்டுச் சாக்கில் அடைத்து அனுப்புவார்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு நான் மாற்றிவிடுவேன். இந்த ஊரில் அதை முதலில் வாங்கிப்போட்டவன் நான்தான். கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினேன்.

நீ குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒதுக்கினாய். "இது பன்னா குஞ்சு அத்தா. இது சங்கரா. இது வாளை, பாருங்க, நூலு மாதிரி இருக்குது. இது ஒரு தபா கூட முட்டை போடல. போட வுடல." ஒன்றின் தலையை நகத்தால் பிளந்து உள்ளேயிருந்து குருணை அரிசி மாதிரி ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். மரத்துக்கு வளையம் இருப்பது மாதிரி இதிலும் வளையம் உண்டு, பெரிய மீன் என்றால் வயசு சொல்லலாம், இதற்குச் சொல்வதற்கு வயசே இல்லை என்றாய். நான் கழிசல் என்று ஒரே பேர் சொல்லி எடைபோட்டு அனுப்பியதற்கெல்லாம் நீ தனித்தனியாகப் பேர் சொன்னாய். எல்லாம் நான் ஒரு காலத்தில் பெரிதாக வாங்கி விற்ற மீன்களின் பேர்.

அன்றும் மறுநாளும் சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசினோம். மலைமேல் தீபம் எரிந்துகொண்டிருந்தது. நீ கேட்கக் கேட்க நான் சொன்னேன். அதை இங்கேயும் சொல்கிறேன், சங்கத்தில் படிக்கிறவர்கள் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும். என் அத்தா கடையை என்னிடம் விட்ட காலத்தில் வஞ்சிரம் கருவாடு சாக்குக்குள் நிற்காது. வாய் தைக்க முடியாமல் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அப்படியே லாரியில் ஏற்றுவோம். வாளையை நாலாக மடித்துக் கட்டுவோம். இப்போது மடிக்க வேண்டிய வேலையே இல்லை, அப்படியே அள்ளிப் போடுகிறோம். சுறாக் கண்டம் கேட்டு வந்தவர்களுக்கு, குழந்தை பெற்றவளுக்குப் பால் ஊற என்று கேட்டாலும், இல்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். விசைப்படகு ஜாஸ்தியாக ஆக மூட்டை ஜாஸ்தியானது, மீன் கம்மியானது. ஒரே நாளில் நடக்கவில்லை. அதனால் யாருக்கும் பயம் வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது, தினமும் மூட்டைக்குள் கைவிடுகிறவன் என்பதால். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் போன வருஷத்தைவிடச் சிறுத்திருக்கிறது என்று கைக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் விற்றுக்கொண்டிருந்தேன்.

உன் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் பேசப் பேச நீ சின்னப் பையன் மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாய். பிறகு சொன்னாய்: தை மாசி வாக்கில் துறையில் ஒரு கூட்டம் போடப்போகிறோம். விசைப்படகுக்காரர்கள், கட்டுமரத்துக்காரர்கள், வியாபாரிகள் எல்லோரும் வருவார்கள். சட்டம் எதுவும் இல்லை, அவர்களாகப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உண்டு. மீன் வந்து சேரும் வலைக்கடைசி மடியின் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், மீன் சினையாக இருக்கும் நாட்களில் கொஞ்ச காலம் இழுவலையை நிறுத்திப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு வருஷம் சோதனைக்கு. "நா சொன்னா படிச்சவன் சொல்றான்னு போய்டுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. அவங்ககிட்ட இவ்ளோ காலமா வாங்கறவரு நீங்க. மாடியில சொன்னத அங்க வந்து சொல்லுவீங்களா அத்தா?" என்றாய். சொல்கிறேன் என்றேன். தயங்கக்கூட இல்லை.

கூட்டம் அன்று காலையில் துறைக்கு வந்து இறங்கினேன். வலை பின்னும் கொட்டகையில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். விசைப்படகு முதலாளி செல்வராசு என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, தோளில் கைபோட்டு, தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். என் சரக்கில் முக்கால்வாசி அவர் படகுகளிலிருந்து வருவதுதான். "பாய் நம்ம ஆளு," என்றார் சுற்றி இருந்தவர்களிடம். கட்டுமரத்துக்காரர்கள் பின்னால், கொட்டகைக்கு வெளியே வெயிலில் குந்தியிருந்தார்கள். நீ பேசினாய். நன்றாகப் பேசினாய். மீன் கடலில் முட்டை விடுவது, குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து சேற்றுத் தண்ணீரில் வளர்வது, திரும்பக் கரையோரத்துக்குப் போகிற வழியிலேயே வலை வாரிக்கொண்டு போவது, எல்லாம் அவர்கள் பாஷையிலேயே சொன்னாய். நான் கொடுத்தனுப்பிய மூட்டையை விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினாய். எல்லோரும் உன்னை சார், சார் என்றார்கள். கடைசியில் நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இவரு எங்க அத்தா. திருவண்ணாமலையில கருவாட்டு வியாபாரம். என்னைவிட இவருக்குத் தெரியும். அவரே சொல்லட்டும்," என்றாய்.

எழுந்தேன். செல்வராசு அண்ணாந்து என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். "எனக்கு அப்படி ஒண்ணும் வித்தியாசம் தெரியல. அப்ப வந்த மீனுதான் இப்பவும் வருது. ஒரு வருசம் ஜாஸ்தி, ஒரு வருசம் கம்மி, கடல்னா அப்படித்தான்," என்றேன். அதோடு உட்கார்ந்திருந்தால் கோழை என்ற பேரோடு போயிருக்கும். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சிரிப்பு மூட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. "இந்த சார் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன். "ஸ்கூல் வாசல்ல நா கொட எடுத்துக்கினு நிக்கறேன், கருவாட்டு நாத்தம் தாங்காம, பெத்த அப்பனையே யாரோன்னு பாத்துட்டு மழையில ஓடினவரு இவரு. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு வாங்க அத்தானு மூக்க சிந்திக்கினு அழுதாரு. அவருதான் இப்ப கடலுக்கே வைத்தியம் பாக்க வந்துட்டாரு!" கொட்டகை முழுக்கச் சிரித்தது. செல்வராசு என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, மகனே. ஒரு நிமிஷம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

வெளியே உட்கார்ந்திருந்த கட்டுமரத்துக்காரர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போனார்கள். நீ சிரிப்பு அடங்கும்வரை நின்றாய். "அத்தா சொன்னது நெசந்தான். அழுதேன்," என்றாய். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாய். யார் கேட்டார்கள்? பீடி பற்ற வைத்தார்கள், ஐஸ் லாரி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்கள். நீ காட்டிய குஞ்சு மீன்களை மிதித்துக்கொண்டே போனார்கள். ஒரு முடிவும் எடுக்கவில்லை. உன் ஏழெட்டு வருஷத்து உழைப்பு அந்தக் கொட்டகையில் முடிந்தது, முடித்தவன் நான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். செல்வராசுவைப் பகைத்துக்கொண்டால் சரக்கு நின்றுவிடும் என்ற பயம் ஒன்று. அதை மட்டும் சொல்லிவிட்டால் உலகத்தில் எல்லா வியாபாரியும் என்னை மன்னித்துவிடுவான். அதனால் மற்றதையும் சொல்கிறேன். நீ வெள்ளைச் சட்டையில் நின்று பேசிக்கொண்டிருந்தாய். நான் ஆயுசு முழுக்கக் குனிந்து எடுத்த அதே மீனை நீ நிமிர்ந்து நின்று கையில் பிடித்துக் காட்டினாய், எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். என்னிடம் நாற்றமாக இருந்தது உன்னிடம் அறிவாக இருந்தது. எங்க அத்தா கருவாட்டு வியாபாரம் என்று கூசாமல் சொன்னாய். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. பொறாமைதான், வேறு என்ன? பெற்ற மகன்மேல் பொறாமை. உனக்கு ஒன்று சொல்கிறேன். உன்னைவிடச் சின்னவர்கள் உன்னைவிட உயர்ந்து நிற்கிற நாள் உனக்கும் வரும். அன்று உன் மனசில் என்ன ஓடுகிறது என்று முன்னாலேயே பார்த்துவை. நான் பார்க்காமல் விட்டேன், அது வாய்வழியாக வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் நீ என்னைத் திட்டியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய், சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லி. ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தாய். "தூங்கிடாதீங்க அத்தா, விழுப்புரத்துல மாறணும்," என்றாய். அவ்வளவுதான் பேசினாய். விழுப்புரம் வரும்வரை நான் எங்கே தூங்க?

உன் அம்மாவிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். கூட்டம் சரியாக நடக்கவில்லை என்றேன். அவள் விடுவாளா? துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். குடைக் கதையை அன்றுதான் அவள் முதல்முதலாகக் கேட்கிறாள். "கிட்னியா கேட்டான் உங்கள? வாயத் தொறந்து நெசத்த சொல்லுங்கன்னு கேட்டான். அதுகூட முடியலன்னா வாய் எதுக்கு, வெத்தலை போடவா?" என்றாள். அதற்குப் பிறகு தட்டை வைப்பாள், எடுப்பாள், பேச மாட்டாள். உன் மாற்றல் சேதியைச் சொல்லத்தான் வாய் திறந்தாள்.

மாற்றல் என்று கேட்டதும் மறுநாளே உன்னிடம் சொல்லாமல் கடலூர் பஸ் ஏறித் துறைக்கு வந்தேன். உன் ஆபீஸ் பக்கம் வரவில்லை, உன்னைப் பார்க்கிற தைரியம் இல்லை. ஏலக் கொட்டகையில் செல்வராசு நாலைந்து பேரோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அன்று நான் சொன்னது பொய், என் மகன் சொன்னது அத்தனையும் நிஜம், மீன் சிறுத்துக்கொண்டே போகிறது என்பது எனக்குப் பல வருஷமாகத் தெரியும் என்றேன். வஞ்சிரத்தின் வால் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். வாளையை மடித்துக் கட்டியதைச் சொன்னேன். மாடியில் உன்னிடம் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். விடாமல் சொன்னேன்.

செல்வராசு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். "பையன் ஊர வுட்டுப் போறான்னதும் பாய்க்கு மனசு கரைஞ்சிபோச்சு. பெத்த பாசம், யாருக்கும் உள்ளதுதான்," என்றார். நான் மறுபடி சொன்னேன், படைத்தவன்மேல் ஆணையாகச் சொன்னேன். "வுடுங்க பாய், புரியுது," என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "இவரு அன்னிக்கி கூட்டத்துக்கு வர்ல. அந்தக் கொடைக் கதைய இன்னொரு தபா சொல்லுங்களேன், எவ்ளோ தமாசா சொன்னீங்க!" என்றார். எல்லோரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, இப்போதே சிரிக்கத் தயாராக என் வாயைப் பார்த்தார்கள். நான் திரும்பி நடந்தேன். பின்னால் அவரே அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தது காதில் விழுந்தது. நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார்.

ஒரு மனுஷன் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அது இருந்த அன்று அதைக் கொண்டுபோய்ச் சிரிப்புக்குப் போட்டேன். வேண்டும் என்று தேடும்போது இல்லை. நீ உன் சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள். அந்தமானில் உனக்கு வேறு கடல், வேறு மீன், வேறு ஜனங்கள். உன்னைப் பற்றி அங்கே யாருக்கும் எந்தக் கதையும் தெரியாது. அது ஒரு நிம்மதி என்று நீ நினைத்தால் அதற்கும் நான்தான் காரணம்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல லாரி வந்தது. டிரைவர் படுதாவை அவிழ்க்கப் போனான். பொடிமீன் வேண்டாம், பெரிய கருவாடு இருந்தால் மட்டும் இறக்கு என்றேன். "இன்னா பாய், எடம் இல்லியா?" என்றான். இடம் இருக்கிறது, இனிமேல் பொடி எடுக்கப் போவதில்லை என்றேன். "பெருசுக்கு நா எங்க போவேன்? வண்டி ஃபுல்லா இதுதான்," என்றான். அப்படியானால் போ என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். லாரி ரொம்ப தூரம் போகவில்லை. அடுத்த தெருக் கடையில் நின்றது, ஒரு மூட்டை மிச்சமில்லாமல் அங்கே இறக்கினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதனால் கடலில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும் மகனே. அடுத்த செவ்வாய்க்கிழமையும் லாரி வரும், திருப்பி அனுப்புவேன். நீ கப்பல் ஏறும் நாளில் நான் மெட்ராஸுக்கு வர வேண்டும், உன் முகத்தில் முழிக்க எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும், இதைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை. வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, வரமாட்டேன். அப்போதும் லாரியைத் திருப்பித்தான் அனுப்புவேன்.

உன் அத்தா